இடது கைக்கு யானைக்கால் என்று பெயர்

என் இடது கைக்கு யானைக்கால் என்று பெயர் வைத்தவள் என் நாத்தனார் விசாலம். காலில் வருகிற நோயின் பெயரைக் கைக்கு எப்படி வைக்கலாம் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளைக் கேள்வி கேட்கிற வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. என் கணவர் கிருஷ்ணஸ்வாமிக்குப் பதினோரு வயது மூத்த அக்கா. அவள் புருஷன் போனபிறகு கும்பகோணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு, புனேயில் சாங்வியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து என் கணவருக்கு இரண்டு மேலதிகாரிகள். ஒருவர் கட்கி ராணுவத் தொழிற்சாலையில், ஒருத்தி வீட்டில்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. 2001 நவம்பரில் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். மார்பை எடுத்தார்கள். கூடவே அக்குளுக்குள்ளிருந்து பதினாறு நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். நான் மயக்கம் தெளிந்து கண் விழிப்பதற்குள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் தம்பியும் கூடிப்பேசி முடிவு எடுத்தாகிவிட்டது. யாருக்கும் சொல்லக்கூடாது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு.

அந்தப் பெண் ஸ்ரீலக்ஷ்மி அப்போது நாக்பூரில் எஞ்சினியரிங் கடைசி வருஷம், ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்குப் போனில், "ஒண்ணுமில்லடி, சாதாரணக் கட்டி, எடுத்துட்டா" என்று சொல்லப்பட்டது. ஊசி மருந்தில் என் முடி கொட்டியபோது, "டைபாய்டு ஜுரம் வந்தா முடி கொட்டும், தெரியாதா?" என்று சொல்லப்பட்டது. பரீட்சை நேரம், குழந்தை எதற்குப் பயப்பட வேண்டும் என்று நானும் சரி என்றேன்.

எட்டு மாதம் கழித்துக் கை வீங்க ஆரம்பித்தது. முதலில் மோதிரம் கழலவில்லை. பிறகு ரவிக்கையின் இடது கை ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் டீச்சர். தேசப்படத்தை ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினால் ஈரத்துணி மூட்டையைத் தூக்குகிற மாதிரி கனத்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்துவிட்டு, பக்கத்துப் பேட்டையான ஔந்தில் இருந்த வைஷாலி என்கிற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

முப்பது வயதுகூட ஆகாத மராத்திப் பெண். என் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் அவள்தான். அதற்கு முன் எல்லாரும் என் கணவரிடம்தான் சொன்னார்கள்.

"மேடம், இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது, தெரியும்தானே?" என்று ஹிந்தியில் ஆரம்பித்தாள். "மெல்லிய குழாய்களில் ரத்தம் போகும்போது அதிலிருந்து கொஞ்சம் நீர் சதைக்குள் கசியும். கசியத்தான் வேண்டும். சதைக்குச் சாப்பாடு அதில்தான் போகிறது. கசிந்ததில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். மிச்சம் தங்குகிறதே, அதை யார் எடுப்பார்கள்?"

அதற்குத்தான் உடம்பு முழுக்க இன்னொரு குழாய் வரிசை இருக்கிறதாம். நிணநீர்க் குழாய்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டரை அவைதான் வாரிக்கொண்டு போகின்றன. ரத்தத்துக்கு இருப்பதுபோல் அவற்றுக்கு ஒரு இதயம் இல்லை. குழாயே கொஞ்சம் சுருங்கிச் சுருங்கித் தள்ளும். நாம் கையை ஆட்டினால், மூச்சை ஆழமாக இழுத்துவிட்டால், சதை அழுத்த நீர் நகரும். பின்னால் வழியாமல் இருக்க உள்ளே சின்னச் சின்ன வால்வுகள். போகிற வழியில் அக்குளில், கழுத்தில், தொடை இடுக்கில் முடிச்சுகள். கடைசியில் கழுத்துக்குக் கீழே பெரிய ரத்தக் குழாயில் போய்ச் சேர்ந்துவிடும்.

"முடிச்சு என்றால் ஊர் எல்லையில் சுங்கம் வாங்குகிற ஆக்ட்ராய் நாக்கா மாதிரி," என்றாள் வைஷாலி. "வெளியூர் லாரி எல்லாம் அங்கே நின்று, சோதனை முடிந்துதானே ஊருக்குள் வருகிறது? அதுபோல நிணநீர் வழியாகக் கிருமி வந்தால் அங்கே பிடித்துவிடுவார்கள். உங்கள் அக்குளில் நாக்காவையும் எடுத்துவிட்டார்கள், ரோட்டையும் எடுத்துவிட்டார்கள். லாரி எல்லாம் கையிலேயே நிற்கிறது."

நம் ஊரில் காலில் முள் குத்தினால் தொடையில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த நெறிதான் இந்த முடிச்சு. கிருமியோடு சண்டை போட்டு வீங்குகிறது. சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைக்கு நாற்பத்தாறாவது வயசில் அர்த்தம் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இதயத்துக்கு எத்தனை பாட்டு, எத்தனை கவிதை! இந்த நிணநீரைப் பற்றி யார் ஒரு வரி பாடியிருக்கிறார்கள்? மற்றவர்கள் சிந்தியதை எல்லாம் நாள் முழுக்கத் துடைத்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியது. நின்றுபோனால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். எனக்கு அது புதிதில்லை, இருபத்துமூன்று வருஷமாக அந்த வேலைதான் பார்க்கிறேன்.

வைஷாலி மெத்தென்று தடவிக்கொடுக்கச் சொல்லித்தந்தாள். அழுத்தித் தேய்க்கக் கூடாது, நீர் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. இறுக்கமான ஒரு துணி உறையை மணிக்கட்டிலிருந்து தோள் வரை போட்டுவிட்டாள். பிறகு சட்டங்கள். அந்தக் கையில் ஊசி கூடாது, ரத்த அழுத்தப் பட்டை கூடாது, வெட்டுக்காயம் கூடாது, இறுகப் பிடிக்கிற எதுவும் கூடாது.

"ஒரு நாள் கை சிவந்து சூடாகிக் குளிர்ஜுரம் வந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி, அன்றைக்கே ஆன்டிபயாட்டிக். இந்தக் கையால் கிருமியைத் தடுக்க முடியாது. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து."

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் பேப்பரை மடித்துவைத்துக் கேட்டுக்கொண்டார். விசாலம் என் கை உறையைப் பார்த்தாள்.

"அதென்னடி அது, பாக்கறவா என்ன ஏதுன்னு கேக்க மாட்டாளா? யாராவது வரச்சே கழட்டி வெச்சுடு."

கேட்கத்தான் செய்தார்கள். மூன்றாம் மாடி சாவித்ரி மாடிப்படியில் என் கையைப் பார்த்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் விசாலம் முந்திக்கொண்டாள்.

"எங்க ஊர்க் கொசுவாக்கும். கும்மோணத்துல ஆத்துக்கு ஒருத்தருக்கு யானைக்கால் உண்டு. இவளுக்குக் கைல வந்துடுத்து."

கதவைச் சாத்தியபிறகு, "ஏன்க்கா இப்படிப் பொய் சொல்றேள்?" என்றேன்.

"அசடே! கேன்சர்னா அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்பா. யானைக்கால்னா கொசுவோட போச்சு. வம்சத்துல வராது. எவனும் பொண்ணு வேண்டாம்ங்க மாட்டான்."

பனைமரத்தில் தேள் கொட்டினால் தென்னைமரத்தில் நெறி கட்டியதாம். வீங்கியது என் கை, நெறி கட்டியது இவளுடைய கௌரவத்துக்கு.

அதோடு விட்டாளா? ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பையனிடம் சொல்லி யானைக்கால் மாத்திரை ஒரு பட்டை வரவழைத்தாள். ஃபிரிட்ஜ் மேல், வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். "நீ முழுங்க வேண்டாம். பாத்தாப் போறும்." பார்த்தவர்கள் நம்பினார்கள். ஆறு மாதத்தில் என் கணவரும் நம்பிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சொந்தப் பொய்யை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற மனிதரை நான் கண்டதில்லை.

2003 தொடக்கத்தில் ஸ்ரீலக்ஷ்மிக்கு வரன் அமைந்தது. பையன் முகுந்த், சாஃப்ட்வேர் கம்பெனி, விமான் நகரில் சொந்த ஃபிளாட். நல்ல பையன். அவன் அம்மா சியாமளா மாமி பெண் பார்க்க வந்தபோது என் கையைப் பார்த்தாள், ஃபிரிட்ஜ் மேலிருந்த மாத்திரையையும் பார்த்தாள்.

"ஒட்டிக்காதோன்னோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒட்டாது," என்றார் என் கணவர். அந்த வாரம் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மே மாதம் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் வளையல் போட ஏற்பாடு. இங்கே மராத்திக்காரர்கள் வீட்டில் கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் இல்லை, வீட்டுப் பெண்கள் எல்லாருக்குமே பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்குவார்கள். வளையல்காரி வீட்டுக்கே வருவாள். இங்கேயே பிறந்து வளர்ந்த ஸ்ரீலக்ஷ்மிக்குச் சிநேகிதிகள் போட்டுக்கொண்ட மாதிரி தனக்கும் வேண்டும் என்று ஆசை. எனக்கும் சந்தோஷம்தான். வலது கையில் போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். உறையைக் கழற்றி அலமாரியில் வைத்தாகிவிட்டது, சம்பந்தி வந்திருக்கிறாளே.

கண்ணாடி வளையல் போடுவதில் ஒரு பெருமை உண்டு. தொளதொள என்று இருக்கக் கூடாது. வளையல்காரி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைப் பிசைந்து பிசைந்து, ஏறவே ஏறாது என்று தோன்றுகிற வளையலை ஏற்றிவிடுவாள். வலது கையில் ஏழு ஏற்றினாள். நான் எழுந்தேன்.

"எங்க எழுந்துக்கறே? அந்தக் கை?" என்றாள் விசாலம்.

"அந்தக் கை வேண்டாம்க்கா."

"சுமங்கலி ஒத்தைக் கையை மூளியா வெச்சுண்டு பொண்ணுக்குத் தாரை வார்க்கப் போறியா? நன்னாருக்கு."

வளையல்காரி என் கையைத் தொட்டுப் பார்த்தாள். விரலால் அமுக்கினாள், குழி விழுந்தது. "நகோ காகூ, ஹா ஹாத் நகோ," என்றாள், இந்தக் கை வேண்டாம் என்று. அந்த அறையில் புத்தி இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

"பெரிய சைஸ் இருக்குமே, பாருங்கோ," என்றாள் சியாமளா மாமி.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அம்மா, ப்ளீஸ்மா," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "ஒரு வாரம்தானே? போட்டோல ரெண்டு கையும் வரும். ஃபைலேரியாக்கு வளையல் போட்டா என்ன ஆகும்?"

அவளுக்கும் யானைக்கால் என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். கையை நீட்டினேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

இருப்பதிலேயே பெரிய வளையல். இரண்டு ஏறிவிட்டது. மூன்றாவது பெருவிரல் மூட்டில் சிக்கி, படீரென்று உடைந்தது. ஒரு சில்லு மணிக்கட்டுக்கு மேல் கீறிவிட்டது. ரத்தம்கூட அதிகம் இல்லை, தண்ணீர் மாதிரிதான் கசிந்தது. விசாலம் வளையல் உடைந்தது அபசகுனமா என்று வளையல்காரியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காயத்தில் மஞ்சள் வைத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் கை சிவந்திருந்தது. பதினோரு மணிக்கு முழங்கை வரை நெருப்பு. பன்னிரண்டுக்குப் பல் கிடுகிடுத்தது. மே மாத வெயிலில் இரண்டு ரஜாய் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

"ஏன்னா, ஆஸ்பத்திரி. இப்பவே," என்றேன்.

ஜவுளி கொடுக்க வந்திருந்த சியாமளா மாமியின் காரில்தான் போனோம். விசாலம் வீட்டில் இருந்துகொண்டாள். என் கணவர், ஸ்ரீலக்ஷ்மி, மாமி மூன்று பேரும் கூட வந்தார்கள். ஔந்தில் ஒரு ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவில் கட்டிலில் போட்டார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், சட்டையில் தேஜஸ் என்று பெயர். நூற்றுநான்கு டிகிரி ஜுரம்.

"கை எத்தனை நாளாக இப்படி வீங்கியிருக்கிறது? என்ன காரணம்?" என்று கேட்டார்.

நான் என் கணவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கேயாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் டாக்டர், சம்பந்தி இல்லை. ஆனால் சம்பந்தி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஃபைலேரியா சார்," என்றார் என் கணவர். "நாங்க கும்பகோணம் பக்கம். அங்க ரொம்ப உண்டு." சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துக் காட்டினார். கையோடு கொண்டுவந்திருக்கிறார்! என் ஆபரேஷன் பைல் வீட்டில், பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

டாக்டர் தலையாட்டினார். புனேயில் ஃபைலேரியா அதிகம் பார்த்திருக்க மாட்டார், பாவம். "இது ஃபைலேரியாவின் ஜுரமாக இருக்கலாம். அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் தெரியும். பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம். அதுவரை ஜுர மாத்திரை," என்றார். நர்ஸ் ரத்த அழுத்தப் பட்டையை எடுத்து என் இடது கையில் சுற்ற ஆரம்பித்தாள்.

மணி அப்போது ஒன்றரை. ராத்திரி பத்துவரை என்னை வைத்திருக்கப் போகிறார்கள், இல்லாத புழுவுக்காக.

கத்தினேன். அப்படி ஒரு குரல் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது.

"அந்தக் கையைத் தொடாதே! புழுவும் இல்லை, கொசுவும் இல்லை. எனக்குக் கேன்சர். மார்பை எடுத்தாச்சு, அக்குள்ல பதினாறு முடிச்சை எடுத்தாச்சு. கையில் நிணநீர் தேங்கி அதில் கிருமி புகுந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் போடுங்கள், இப்போதே, வலது கையில்!"

தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் முடித்தேன். அதுவும் போதாமல், புடவைத் தலைப்பை விலக்கி, ரவிக்கைக்குள் திணித்திருந்த துணியை உருவித் தரையில் வீசினேன். என் கணவர் அதைப் பொறுக்கக் குனிந்தார். அந்த நேரத்திலும் அதைத்தான் பொறுக்கினார்.

டாக்டர் கையிலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். ஐந்து நிமிஷத்தில் வலது கையில் ஊசி ஏறி, பாட்டில் தொங்கியது. "நல்லவேளை சொன்னீர்கள்," என்றார். கணவர் பக்கம் திரும்பி, "ராத்திரிவரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். கிருஷ்ணஸ்வாமி மறுபடியும் மின்விசிறியைத் தேடினார். அங்கே மின்விசிறி இல்லை, ஏசி.

டாக்டர் நகர்ந்ததும் சியாமளா மாமி திரையை இழுத்துவிட்டாள். கல்யாணம் நின்றது என்று நினைத்தேன். நிற்கட்டும் என்றும் நினைத்தேன்.

"மாமி, போனது போகட்டும்," என்றாள் தணிந்த குரலில். "பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு. முகுந்தும் ஒண்ணும் சொல்ல மாட்டான். எங்க மனுஷாகிட்ட மட்டும் வாய் விட்டுடாதேள். யானைக்கால்னே இருந்துட்டுப் போறது."

"உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு," என்று என் கணவர் கை கூப்பினார்.

"நான் செத்துப்போனாலும் யானைக்கால்ல செத்தாள்னுதான் பேப்பர்ல போடுவேளா?" என்றேன். "கேட்டுக்கோங்கோ. இனிமே யார் கேட்டாலும் சொல்லுவேன். கல்யாணத்துக்குக் கை உறையைப் போட்டுண்டுதான் வருவேன். உங்க மனுஷா கேட்டா உங்க மனுஷாகிட்டயும் சொல்லுவேன். எனக்கு வந்தது கேன்சர். நான் திருடிண்டு வரலை. இதுல யாருக்கு வெக்கம்? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோ."

எனக்கு ஒன்றரை வருஷக் கோபமும் கொட்டித் தீர்ந்த மாதிரி இருந்தது. ஜுரத்திலும் உடம்பு லேசாக இருந்தது.

"அம்மா."

ஸ்ரீலக்ஷ்மி கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தாள். அவள் அங்கே இருந்ததையே நான் மறந்திருந்தேன். முகம் வெளுத்திருந்தது. கல்யாணத்தைப் பற்றிப் பேசப்போகிறாள், நீ ஏன்மா இப்படிக் கத்தினே என்று அழப்போகிறாள் என்று எண்ணினேன்.

"நாக்பூருக்கு போன் பண்ணி, சாதாரணக் கட்டின்னு சொன்னியே. அது இதுதானா?"

"ஆமாம்டி."

"என்கிட்ட எப்போ சொல்றதா இருந்தே?"

அத்தை சொன்னாள், அப்பா சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று போனில் பேசியது நான். டைபாய்டு என்று சொன்னதும் நான்தான். லீவில் வந்தவள், "தலை எப்போம்மா வளரும்?" என்று என் மண்டையைத் தடவிச் சிரித்தபோது கூடச் சிரித்ததும் நான்தான்.

அவள் கிட்டே வந்தாள். கையில் நேற்றுப் போட்ட பச்சை வளையல் முழங்கைவரை குலுங்கியது. அந்தக் கையால் வலது மார்பின் ஓரத்தை, அக்குளுக்குச் சற்றுக் கீழே, தொட்டுக் காட்டினாள்.

"எனக்கும் இங்க ஒண்ணு இருக்கும்மா. ஆறு மாசமா. உனக்கு வந்த மாதிரி சாதாரணக் கட்டிதானேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை."

என் கணவர் கையில் அந்தத் துணிப்பந்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வலிக்கறதாடி?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. வலியே இல்லை."

வலிக்கிறது என்று அவள் சொல்லக்கூடாதா என்று இருந்தது. எனக்கும் வலித்ததில்லை. சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், நூற்றில் தொண்ணூறு அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? சாதாரணக் கட்டி என்கிற சொல்லை நான்தானே செலவழித்துவிட்டேன்.

பாட்டில் குழாய் இழுத்த வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு வெளியே கேட்கும்படி டாக்டரைக் கூப்பிட்டேன்.